கைராசியை நம்பி விமானம் ஏறலாமா?

1/ அந்த பைலட்டுக்கு வயசு 75. பி-17 என்ற அந்த ஒரு ரக விமானத்தில் மட்டும் சுமார் 7,300 மணி நேரம் பறந்த அனுபவம். நம்ம ஊர் பாஷையில் சொன்னா, கைராசிக்காரர். 2019 அக்டோபர் 2ஆம் தேதி அவர் ஓட்டிய விமானம் விழுந்து, அவரோட சேர்த்து 7 பேர் இறந்தாங்க. ஒரு டாக்டரா இந்த விபத்தைப் பத்திக் கொஞ்சம் பேசணும். நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், பிராட்லி விமான நிலையம். இரண்டாம் உலகப்போர் காலத்து நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். காலிங்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இதை ஊர் ஊரா கொண்டுபோய், காசு வாங்கிட்டு மக்களை ஏத்தி ஒரு ரவுண்டு சுத்திக் காட்டிட்டு இருந்தது. அன்னைக்கு உள்ளே 10 பயணிகள், 3 சிப்பந்திகள்.

3/ ஏறிய கொஞ்ச நேரத்திலேயே 4ஆவது எஞ்சினில் கோளாறு. திரும்பி இறங்கப் பார்த்தாங்க. ஓடுபாதைக்கு முன்னாடியே தரையில் மோதி, வலது பக்கம் விலகிப்போய், பனி நீக்கும் வசதிக்கான கட்டடத்தில் இடிச்சுத் தீப்பிடிச்சது.

4/ உடனே எல்லாரும் சொன்னது: "பழைய வண்டி, அப்படித்தான் ஆகும்." இல்லைங்க. 80 வயசுத் தாத்தா ஒழுங்கா மாத்திரை போட்டு, செக்-அப் போனா நல்லாத்தான் இருப்பார். வயசு ஒரு ரிஸ்க்தான். ஆனா டெத் சர்டிஃபிகேட்டில் "வயசு" என்று மட்டும் எழுதிட்டு நாங்க போக முடியாது. எது கொன்னதுன்னு பார்க்கணும்.

5/ விமானத்துக்கும் போஸ்ட்மார்ட்டம் உண்டு. இந்த வகை எஞ்சினில் தீப்பொறி கொடுக்க ரெண்டு மேக்னீட்டோ இருக்கும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். 4ஆவது எஞ்சினில் ஒரு மேக்னீட்டோவின் ஒயர் கழண்டு, கம்பி வச்சுக் கட்டியிருந்தது. இன்னொண்ணு பலவீனமா இருந்தது. 3ஆவது எஞ்சினும் முழு சக்தி கொடுக்கலை. அதோட ஸ்பார்க் பிளக்குகளும் சரியில்லை.

6/ அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் சொன்ன முக்கியக் காரணம், பைலட் வேகத்தையும் விமானத்தையும் சரியா கையாளலை என்பது. சக்கரத்தை ரொம்ப சீக்கிரம் இறக்கிட்டார், அதனால வேகம் குறைஞ்சது. துணைக் காரணம், பராமரிப்புக் குறைபாடு. சரி, சுற்றுப்பயணத்தில் பராமரிப்புக்குப் பொறுப்பு யாரு?

7/ அதே பைலட்தான்.

8/ எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடம் இதுதான். வண்டி சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடுறவரும் அவரே, அந்தக் கையெழுத்தை நம்பி ஓட்டுறவரும் அவரே. "அண்ணே, இதை இன்னொரு தடவை பார்த்துடலாமா?"ன்னு கேட்க நடுவுல ஆளே இல்லை. 7,300 மணி நேரம் பறந்தவர்கிட்ட யார் கேட்பாங்க?

9/ இப்ப என் கதை. நான் மயக்க மருந்து டாக்டர். தினமும் காலையில் மெஷினை செக் பண்ணி ஒரு தாளில் டிக் அடிக்கணும். அதில் ஒரு வரி: ரிசர்வ் ஆக்சிஜன் சிலிண்டர் ஃபுல்லா இருக்கா? அதைத் திறந்து பார்த்தாத்தான் தெரியும். பல மாசம் திறக்காமலே டிக் அடிச்சேன். ஒரு நாளும் எதுவும் ஆகலை. ஆகாததால இன்னும் தைரியமா டிக் அடிச்சேன்.

10/ ஒரு நாள் ஆபரேஷன் நடுவில் சென்ட்ரல் லைனில் பிரஷர் விழுந்தது. ரிசர்வைத் திறந்தேன். காலி. அம்பு பேக்கை எடுத்துக் கையால் மூச்சு கொடுத்துட்டு நின்னேன். டெக்னீஷியன் பக்கத்து தியேட்டருக்கு ஓடி சிலிண்டர் உருட்டிட்டு வந்தார். அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலை, நல்லபடியா வீட்டுக்குப் போனாங்க. தாளில் என் டிக் அழகா இருந்தது.

11/ மேக்னீட்டோவும் ரிசர்வ் சிலிண்டரும் ஒரே ஜாதி. ரெண்டாவது காப்பு கெட்டுப்போனா வெளியே தெரியாது. முதல் காப்பு கைவிடும் நிமிஷத்தில்தான் தெரியும். அதனாலதான் அதை வேலை வெச்சுச் சோதிக்கணும்னு விதி. அனுபவசாலிக்குத்தான் இந்த விதி அதிகம் தேவை. புதுசா வந்தவன் பயந்து நாலு தடவை பார்ப்பான். நாமதான் "எனக்குத் தெரியாததா?"ன்னு தாண்டிப் போவோம்.

12/ இதில் ஒரு கொடுமை இருக்கு. செக்லிஸ்ட் என்ற பழக்கம் பிரபலமானதே இதே பி-17ஆல்தான். 1935 அக்டோபர் 30, ஒஹாயோவில் ரைட் ஃபீல்ட். இதன் முதல் மாதிரி விமானம் சோதனைப் பறப்பில் ஏறின உடனே விழுந்தது. காத்துக்கு ஆடாம இருக்கப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்துட்டாங்க. ஓட்டினவர் கத்துக்குட்டி இல்லை, ராணுவத்தின் தேர்ந்த சோதனை பைலட். அதுக்கப்புறம்தான் "ஞாபகத்தை நம்பாதே, பட்டியலைப் படி"ன்னு ஆனது. பிறகு 12,000க்கும் மேற்பட்ட பி-17கள் கட்டப்பட்டன.

13/ நாங்க அந்தப் பாடத்தைத் தாமதமாத்தான் எடுத்துக்கிட்டோம். 2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சப் பட்டியல் கொடுத்தது. டெல்லி உட்பட 8 நகரங்களில் 8 மருத்துவமனைகளில் சோதிச்சப்போ இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைஞ்சது. ஆனா கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் இது வந்தபிறகு பார்த்தா, குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. காரணம் பத்தி நிறைய விவாதம் உண்டு. என் கருத்து: தாள் காப்பாத்தாது, நின்னு வாய்விட்டுக் கேட்கிற அந்த ஒரு நிமிஷம்தான் காப்பாத்தும்.

14/ அப்போ பழைய விமானங்களை மியூசியத்தில் பூட்டிடணுமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த எஞ்சின் சத்தத்தை நேரில் கேட்கிறது வேற அனுபவம். ஆனா காசு வாங்கி ஆள் ஏத்தினா, சோதிக்கிறவரும் ஓட்டுறவரும் வேற வேற ஆளா இருக்கணும். அரசும் எட்டிப் பார்க்கணும். அந்த அமைப்பின் பாதுகாப்பு ஏற்பாடும், அதைக் கண்காணிச்ச அரசுத் துறையும் போதாதுன்னு விசாரணை வாரியமே சொல்லுச்சு. 2020 மார்ச்சில் அந்த அமைப்பின் அனுமதி ரத்தானது. ஏழு உயிர் போன பிறகு.

15/ இன்னொண்ணு, சம்மதம். ஆபரேஷனுக்கு முன்னாடி ரிஸ்க்கைச் சொல்லிக் கையெழுத்து வாங்குறோம். சாதாரணப் பயணிகள் விமானத்துக்கான விதிகள் இதுக்குப் பொருந்தாது, தனி விலக்கில்தான் பறக்குதுன்னு ஏறுறவங்களுக்குப் புரியும்படி சொல்லணும். மூலையில பொடி எழுத்துல அச்சடிச்சா அது சம்மதம் ஆகாது.

16/ கடைசியா உங்களுக்கு. ஆபரேஷனுக்குப் போறப்போ "உங்க பேர் என்ன, எந்தக் கால், என்ன அலர்ஜி?"ன்னு ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டா எரிச்சல்படாதீங்க. "இந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் ஒண்ணும் தெரியலை"ன்னு நினைக்காதீங்க. யாருமே கேட்கலைன்னாதான் நீங்க கேட்கணும். "அவர் கைராசிக்காரர், கேட்டா தப்பா நினைப்பார்"னு தயங்காதீங்க. நல்ல டாக்டர் தப்பா நினைக்க மாட்டார்.

17/ நான் இப்போ தினமும் காலையில் சிலிண்டரைத் திறந்து பார்க்கிறேன். டெக்னீஷியனும் தனியா ஒரு தடவை பார்க்கிறார். தாளில் ரெண்டு கையெழுத்து. முடிஞ்சா உங்க வேலையிலும் அந்த ரெண்டாவது கையெழுத்துக்கு ஒரு இடம் விடுங்க.