முதிர்ந்த மரத்துக்கு யார் பொறுப்பு?

மரம் நடுவதற்கு நம்மிடம் விழாக்கள் உண்டு. நட்ட மரம் முதிர்ந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு எதுவும் இல்லை. 2022-இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டுள்ளது. வரவேற்க வேண்டிய இலக்குதான். ஆனால், கன்றுகளின் எண்ணிக்கையை வரவில் எழுதும் இந்தக் கணக்கில், வீட்டு மனைகளில் சத்தமின்றி வீழ்த்தப்படும் நாற்பது, ஐம்பது வயது வேம்பும் மாவும் புங்கையும் செலவுப் பக்கத்தில் ஏறுவதில்லை.

சென்னையின் புறநகர்களில் 1970-களிலும் 1980-களிலும் மனை வாங்கி வீடு கட்டியவர்கள், கிணற்றடியில் ஒரு தென்னை, வாசலில் ஒரு வேம்பு, பின்கட்டில் ஒரு மா என்று வைத்தார்கள். இன்று அவர்களுக்கு 70, 80 வயது. பிள்ளைகள் வெளியூரில் அல்லது வெளிநாட்டில். வீட்டுக்காரரும் மரமும் ஒருசேர முதுமையை எட்டியிருக்கிறார்கள். இப்போது மரத்தைப் பேணும் வலுவும் ஆள் துணையும் அவர்களிடம் இல்லை.

பொருளியல் மாணவனாக எனக்கு இதில் வியப்பேதும் இல்லை. இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம். மரமோ வயது ஏற ஏற அதிக நிழலையும் குளிர்ச்சியையும் தருகிறது. மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டுவது தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, ஒரு மரத்தின் வயதை 74,500 ரூபாயால் பெருக்கினால் அதன் மதிப்பு கிடைக்கும் என்று கூறியது 2021-இல் செய்தியானது. அந்தத் தொகையில் பெரும்பங்கு ஆக்சிஜனுக்கான விலை. வளிமண்டலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு இப்படி விலை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இருக்கட்டும், அந்த மதிப்பில் பத்தில் ஒரு பங்கே உண்மை என்று கொண்டாலும், அதில் மரத்தின் உரிமையாளருக்கு வந்து சேர்வது எவ்வளவு?

மிகச் சிறிதளவே. நிழல் தெருவுக்குப் போகிறது. குளிர்ச்சியை அக்கம்பக்கத்தார் பகிர்ந்துகொள்கிறார்கள். சருகு கூட்டும் வேலையும், மொட்டைமாடி வடிகுழாய் அடைப்பும், சுற்றுச்சுவர் விரிசலும், அண்டை வீட்டாரின் முணுமுணுப்பும், ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் உறக்கமின்மையும் உரிமையாளருக்கு மட்டுமே. பயன் பொதுவாகவும் செலவு தனியாகவும் இருக்கும் எந்தப் பொருளும் சமூகத்துக்குத் தேவையான அளவில் நீடிக்காது என்பது பொருளியலின் முதலாண்டுப் பாடம்.

இந்த அச்சத்தை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றில் பல்லாயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. இரண்டாண்டுகள் கழித்து கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைப் புரட்டிப் போட்டது. அதன் பிறகு ஒவ்வொரு புயல் எச்சரிக்கையின்போதும் அரிவாளோடும் இயந்திர வாளோடும் ஆள்கள் தெருத்தெருவாக வரத் தொடங்கிவிட்டார்கள்.

இங்கேதான் சந்தை முற்றிலும் கோணலாகிறது. எங்கள் வீட்டு வேம்பைப் பார்க்க வந்த ஒருவர் சொன்னார்: "கிளைய மட்டும் கழிக்கணும்னா கூலி ஆகும் சார். அடியோட எடுத்தா நீங்க ஒண்ணும் தர வேணாம், மரத்த நாங்களே எடுத்துக்குறோம்." இந்த இரண்டே வாக்கியங்களில் பிரச்னை முழுவதும் அடங்கிவிட்டது. கவாத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். வெட்டுவது இலவசம், பருத்த மரமென்றால் கையில் காசும் வரும். அதைவிட மோசம், மரம் நோயுற்றிருக்கிறதா, விழுமா என்று ஆலோசனை சொல்பவரே விறகுக்கு உரிமையாளராகப் போகிறவர். வாங்குபவருக்குத் தெரியாததை விற்பவர் மட்டும் அறிந்திருக்கும் சந்தை எப்படிச் சீர்குலைகிறது என்பதை ஜார்ஜ் அகெர்லோஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். நம் ஊர் மரம் வெட்டும் தொழிலைப் பார்த்திருந்தால் அவருக்குக் கார்களே தேவைப்பட்டிருக்காது.

தகவல் இன்மை பெரும் விலை கேட்கிறது. குளிர்காலத்தில் நுனிக்கருகல் நோயாலோ தேயிலைக் கொசுவின் தாக்குதலாலோ வேம்பின் இலைகள் பழுப்பேறி, மரமே பட்டுவிட்டதுபோல் தோன்றும். பெரும்பாலான மரங்கள் பருவம் மாறியதும் மறுபடி துளிர்க்கின்றன. ஆனால், அதற்குள் சில வேம்புகள் விறகாகிவிடுகின்றன.

கவாத்து என்ற பெயரில் நடப்பதும் பெரும்பாலும் கேடுதான். மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை. காயத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அதை அடைத்துக்கொள்ளவே அதற்குத் தெரியும் என்று அமெரிக்க மர நோயியல் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ பல்லாண்டு ஆய்வில் நிறுவினார். கிளை தண்டோடு சேரும் இடத்திலுள்ள புடைப்பான கழுத்துப் பகுதியை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்டினால் மரத்தால் அந்தக் காயத்தை அடைக்க முடியும். தண்டை ஒட்ட மழித்தால் முடியாது. உச்சியை மொட்டையடித்தால் நான்கு புறமும் புதுப் போத்துகள் கிளம்பும். அவை மேற்பட்டையில் மட்டுமே பற்றி நிற்பவை. சில ஆண்டுகளில் கனத்து, முதலில் முறிந்து விழுவதும் அவையே. ஆபத்தைக் குறைக்கச் செய்த செலவு ஆபத்தை வளர்த்துவிடுகிறது. பொந்தில் சிமென்ட் அடைப்பதும் அவ்வாறே. உள்ளே ஈரம் தங்கி அழுகல் தொடரும். அடிமரம் வரை பேவர் பிளாக் பதித்தால் வேருக்கு நீரும் காற்றும் செல்லாது. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே உத்தரவிட்டது. நம் வீட்டு முற்றங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

சட்டம் போட்டுவிட்டால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரம் 1975-லும் கர்நாடகம் 1976-லும் தில்லி 1994-லும் மரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றின. தமிழகத்தின் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் மலைப்பகுதி மரங்களுக்கானது. நகரங்களுக்கும் ஒரு சட்டம் தேவை என்பதே என் கருத்து. ஆனால் தடை மட்டும் கொண்ட சட்டம் எதிர்விளைவைத் தரக்கூடும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், முதிர்ந்த பைன் மரங்களில் மட்டுமே கூடு அமைக்கும் அரிய மரங்கொத்தி ஒன்றைக் காக்கச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. பறவை வந்தால் நிலத்தைத் தொட முடியாது என்று அஞ்சிய உரிமையாளர்கள், மரங்கள் முதிரும் முன்பே வெட்டினார்கள் என்று 2003-இல் லூக், மைக்கேல் என்ற இரு பொருளியலாளர்கள் காட்டினர். மகாராஷ்டிரத்தில் 2021-இல் வந்த திருத்தத்தின்படி 50 வயதை எட்டிய மரம் பாரம்பரிய மரம். அப்படியானால் 48, 49-ஆம் வயதுதான் அதற்குக் கண்டம் என்று நான் கவலைப்படுவதில் தவறில்லை.

ஹரியாணா வேறொரு வழியில் சென்றிருக்கிறது. 75 வயதைக் கடந்த மரங்களுக்கு ஓய்வூதியம். 2021-இல் அறிவித்தபோது ஆண்டுக்கு 2,500 ரூபாய், 2023-இல் வழங்கத் தொடங்கியபோது 2,750 ரூபாய். தனியார் நிலத்திலுள்ள மரமென்றால் பணம் உரிமையாளருக்கு. ஓய்வூதியத்தில் வாழும் எனக்கு இந்தப் பெயரே பிடித்திருக்கிறது. தொகை சிறிதுதான். ஆயினும் மரத்தைக் காப்பவருக்கும் செலவு உண்டு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது சிறிய செய்தியல்ல.

தமிழகத்தில் இதற்குப் புதிய துறை வேண்டியதில்லை. அரையாண்டுத் தொடக்கத்திலேயே சொத்துவரி செலுத்துவோருக்கு 5 சதவீத ஊக்கத்தொகை வழங்கும் நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது. அதே வழியில், குறிப்பிட்ட சுற்றளவுக்கு மேற்பட்ட மரத்தைப் பேணும் மனைக்கும் வரிச்சலுகை அளிக்கலாம். தகுதி பெற்ற ஒருவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை மரத்தை ஆய்வு செய்து சான்றளிப்பதை நிபந்தனையாக்கலாம். அந்த ஆய்வாளருக்கு விறகில் பங்கு இருக்கக் கூடாது. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கும் மாநிலத்தில் ஆய்வாளர்களுக்குப் பஞ்சமில்லை. மரமேறிகளுக்கும் முன்மாதிரி உண்டு: தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் இளைஞர்களுக்குக் கருவியுடன் தென்னை ஏறும் பயிற்சியும் விபத்துக் காப்பீடும் அளித்துவருகிறது. கயிறோ தலைக்கவசமோ இன்றி வேம்பின் உச்சியில் நிற்கும் தொழிலாளிக்கு அதுபோன்ற ஒன்று உடனடித் தேவை.

கடினமான பகுதி அடுக்குமாடிக் கட்டுமானம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 2 ஆக உயர்த்திய பிறகு, தனி வீட்டை இடித்துக் குடியிருப்பாக மாற்றுவதன் ஆதாயம் கூடியிருக்கிறது. மரம் நிற்கும் நூறு, இருநூறு சதுர அடி இப்போது ஒரு கார் நிறுத்துமிடம். அதற்குச் சில லட்சம் ரூபாய் விலை உண்டு. சொத்துவரிச் சலுகை இந்த விலையோடு போட்டியிட முடியாது. பழைய மரத்தைக் காத்து வரைபடம் போடும் கட்டுமானத்துக்கு, அந்த அளவுக்கு வேறிடத்தில் கூடுதல் தளப்பரப்பும், ஒரு கார் நிறுத்துமிட விலக்கும் அளித்தால் கணக்கு மாறும்.

வசதியுள்ள வீட்டுக்காரருக்கு எதற்குப் பொதுப்பணம் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அந்த மரத்தின் நிழலில் தள்ளுவண்டியை நிறுத்திக் காய்கறி விற்பவர் வீட்டுக்காரருக்கு வாடகை தருவதில்லை, தரவும் வேண்டியதில்லை. அவருக்காகத்தான் நகராட்சி தர வேண்டும் என்கிறேன். முதல் ஆய்வை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, ஆடி, ஆவணி மாதங்களிலேயே முடித்தால், கவாத்துக்கும் போதிய காலம் கிடைக்கும்.