பரிந்துரைக் கடிதத்தில் ஒரு ‘க்வைட்’

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவி ஒருத்திக்குப் பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார் என்று கொள்வோம். அவளுடைய ஆய்வேடு ‘க்வைட் குட்’ என்கிறார். மனமாரப் பாராட்டிவிட்டதாகவே அவர் எண்ணம். அமெரிக்காவில் அதைப் படிப்பவரும் பெரும்பாலும் அப்படியே கொள்வார். இங்கிலாந்தில் படிப்பவருக்கோ அது ‘பரவாயில்லை’ என்ற அளவிலேயே நின்றுவிடக்கூடும். பேராசிரியரும் மாணவியும் இதை அறியப்போவதே இல்லை.

‘விடுபட்ட’ என்ற பொருளில் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. லத்தீன் வேர்வழி ‘க்விட்’, ‘அக்விட்’ ஆகியவற்றுக்கு உறவு. பாக்கியின்றி விடுபட்டது என்பதிலிருந்தே ‘முற்றிலும்’ என்ற பொருள் கிளைத்தது. ‘ஓரளவு’ என்பது மிகப் பிந்தியது. ஆயினும் பழம்பொருள் அழிந்துவிடவில்லை. ‘க்வைட் இம்பாசிபிள்’ என்றால் ஓரளவு இயலாது என்று எவரும் கொள்வதில்லை. அறவே இயலாது என்பதே பொருள். ‘நாட் க்வைட்’ என்பதிலும் மறுக்கப்படுவது முழுமைதான். எல்லையைச் சுட்டும் பெயரடையோடு சேர்ந்தால் முழுமை. கூடவும் குறையவும் இடமுள்ள பெயரடையோடு சேர்ந்தால், பிரித்தானிய வழக்கில், பெரும்பாலும் அரைகுறை. அங்கும் குரலழுத்தம் ‘க்வைட்’டின் மேல் விழுந்தால் பாராட்டு இன்னும் இளைத்துவிடும். கடிதத்தில் குரல் ஏது?

இந்நுட்பம் தமிழருக்குப் புதிதன்று. ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்றால் கேட்பவர் அடுத்து வரப்போகும் ‘ஆனால்’ என்ற சொல்லுக்குக் காத்திருப்பார். ‘நன்றாகவே இருக்கிறது’ என்றால் எதிர்பார்த்ததற்கும் மேல் என்று மகிழ்வார். ஆங்கிலம் ஒற்றை வினையடையின் தலையில் ஏற்றிய சுமையைத் தமிழ் இரண்டு இடைச்சொற்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. (ஏகாரத்தையும் ‘தான்’ என்பதையும் ஒரே ‘தேற்றம்’ என்ற தலைப்பில் அடக்கிவிடும் பாடநூல்கள் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.)

வகுப்பறையிலோ ‘வெரி’க்குக் கீழே, ‘ஃபேர்லி’க்கு மேலே என்று ஏணிப்படி வரைந்து ‘க்வைட்’டுக்கு நிலையான ஓரிடம் தரும் பழக்கம் உண்டு. அருகில் நிற்கும் பெயரடையும் படிப்பவரின் நாடும் சேர்ந்து பொருளைத் தீர்மானிக்கும் சொல்லுக்கு அந்த ஏணி பயன்படாது. ஏணியை அகற்றி, பெயரடைகளை இரு கூட்டமாகப் பிரித்துக் காட்டினால் ஒரே பாடவேளையில் மாணவர்க்கு இது விளங்கிவிடும்.

கடிதம் எழுதும் பேராசிரியருக்கு இவ்வளவு இலக்கணமும் தேவையில்லை. அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ஆய்வேட்டின் எந்த இயல் தம்மை வியக்கவைத்தது, ஏன் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.