எண்ணெய் தேசங்களின் அச்சமும் அதில் அடங்கிய நியாயமும்

உலகம் பெட்ரோலைக் குறைவாக வாங்கத் தொடங்கினால், அதை விற்றே ஜீவிக்கும் தேசங்களின் கதி என்ன என்ற கேள்விக்கு, பருவநிலையைக் காக்கும் சர்வதேச முயற்சிக்கு எத்தனை வயதோ அத்தனை வயது. 1992-ஆம் வருஷம் உருவான ஐக்கிய நாடுகளின் பருவநிலை உடன்படிக்கையில், விசேஷ கவனத்துக்கு உரிய நாடுகள் இன்னின்ன என்று ஒரு ஜாபிதா இருக்கிறது. கடல் உயர்ந்தால் மூழ்கிப் போகக்கூடிய சிறு தீவுகள் அதில் முதலிடத்தில் நிற்க, நிலக்கரியும் எண்ணெயும் தோண்டி விற்கும் வருமானத்தையே பெரிதும் நம்பியிருக்கும் நாடுகளும் அதே ஜாபிதாவில் பின்னால் வந்து நிற்கின்றன. வெள்ளத்துக்கு அஞ்சுகிறவனையும், வெள்ளம் வடிந்தால் தன் படகுக் கூலி போய்விடுமே என்று அஞ்சுகிறவனையும் ஒரே பந்தியில் உட்கார வைத்த காரியம் அது.

அந்த அச்சம் இன்றும் தணியவில்லை. 2023-இல் துபாயில் பருவநிலை மகாநாடு கூடியபோது, அபுதாபி அரசின் எண்ணெய்க் கம்பெனிக்குத் தலைவரான சுல்தான் அல் ஜாபரே மகாநாட்டுக்கும் தலைவராக வீற்றிருந்தார். அப்படியிருந்தும், எண்ணெயையும் நிலக்கரியையும் குறிவைக்கும் எந்த வாசகத்தையும் ஏற்கக்கூடாது என்று எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கின் பொதுச் செயலாளர் ஹைதம் அல் கைஸ் அங்கத்தினர் நாடுகளுக்கு அவசரமாகக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. முடிவில் இவ்வெரிபொருள்களை விட்டு விலகிச் செல்ல வேண்டும் என்ற வாசகம் நிறைவேறியது என்றாலும், கால அளவும் வேகமும் பெரும்பாலும் அந்தந்த தேசத்தின் மனப்போக்குக்கே விடப்பட்டன.

இந்த ஆட்சேபணைகளை வெறும் சுயநலம் என்று தள்ளிவிடுவது சுலபம், ஆனால் நியாயமல்ல. 1992-இல் ஐரோப்பியக் கமிஷன், பீப்பாய்க்கு 3 டாலரில் தொடங்கி 10 டாலர் வரை உயரும் வரி ஒன்றை உத்தேசித்தபோது, எண்ணெய் விற்கிற எங்களுக்குக் கிடைப்பதைவிட அதன்மீது வரி விதிக்கிற உங்கள் கஜானாக்களுக்கு அதிகம் போகிறதே, அதே சமயத்தில் எண்ணெயைக் காட்டிலும் அதிகப் புகை கக்கும் நிலக்கரிக்கு உங்கள் தேசங்களிலேயே மானியம் கொடுக்கிறீர்களே என்று அந்நாடுகள் கேட்டன. அந்தக் கேள்விக்குத் தக்க பதில் அன்று எவரிடமும் இல்லை. ஜெர்மனி தன் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கத்தை மூடியது 2018 டிசம்பரில்தான். அதுவரை அத்தொழில் அரசாங்கத்தின் பணத்தால்தான் உயிர் வாழ்ந்தது.

ஆயினும், குறையைச் சுட்டுவது வேறு, விற்பனை குறைவதற்கு அந்நாடுகள் நஷ்ட ஈடு கோருவது வேறு. தன் சரக்கை நாளைக்கும் மற்றவன் வாங்கியே தீர வேண்டும் என்ற உரிமை எந்த வியாபாரிக்கும் கிடையாது. 1897-இல் ஜெர்மானிய ரசாயனச் சாலை செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின், வங்காளத்திலும் பீஹாரிலும் நம் தென்னார்க்காட்டிலும் அவுரிச் சாகுபடி படிப்படியாக அழிந்தது. வெடியுப்பு ஏற்றுமதியின் வரியிலிருந்து அரசாங்க வருமானத்தில் ஏறத்தாழப் பாதியைப் பெற்றுவந்த சிலி தேசம், காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்தே உரம் செய்யும் வித்தை 1913-இல் தொழிற்சாலைக்கு வந்ததும் நாளடைவில் நிலைகுலைய, அதகாமா பாலைவனத்தில் வெடியுப்பு நகரங்கள் ஒவ்வொன்றாகச் சூனியமாயின. இவர்களுக்கெல்லாம் முன்னறிவிப்பும் இல்லை, பரிகாரமும் இல்லை. எண்ணெய் தேசங்களுக்கோ முப்பது வருஷங்களுக்கு மேல் அவகாசம் கிடைத்தது. அதைப் பயன்படுத்திக்கொண்ட நார்வே, 1996 முதல் எண்ணெய்ப் பணத்தைத் தனி நிதியில் போட்டு, இன்று ஒன்றரை லட்சம் கோடி டாலருக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறது. 2024-இல் அங்கே விற்பனையான புதுக் கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். எண்ணெயைப் பிறருக்கு விற்றுக்கொண்டே, தான் அதை எரிக்காமலிருக்கப் பழகிவரும் தேசம் அது.

இங்கேதான் விவாதத்தில் மறைந்து கிடக்கும் ஒரு விஷயத்தை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். தேவை குறையும்போது எல்லா எண்ணெய்க் கிணறுகளும் ஒன்றாக மூடப்படுவதில்லை. அதிகச் செலவில் தோண்டுகிறவன் முதலில் விழுவான், மலிவாகத் தோண்டுகிறவன் கடைசி வரை நிற்பான். சவூதியின் அராம்கோ கம்பெனி 2019-இல் பங்கு விற்பனைக்காக வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பீப்பாயைப் பூமியிலிருந்து எடுக்க அதற்கு ஆகும் செலவு 3 டாலருக்கும் குறைவு. 2022-இல் அதன் லாபம் 16,000 கோடி டாலருக்கு மேல். ஆழ்கடலில் துளையிடும் அங்கோலாவுக்கோ, உள்நாட்டுப் போரால் நைந்துபோன தென்சூடானுக்கோ இந்தச் சௌகரியம் இல்லை. ஈராக்கில் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது என்பது மெய். ஆனால் நாலு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொண்ட அந்தத் தேசத்தில், 2020-இல் விலை வீழ்ந்ததும் அரசாங்க ஊழியர்களுக்கு மாதச் சம்பளம் தாமதமாயிற்று. ஆக, மகாநாட்டுப் பந்தலில் உரத்த குரல் எழுவது செல்வம் மிகுந்த தேசங்களிடமிருந்து. அடி முதலில் விழப்போவதோ ஏழைத் தேசங்களின் முதுகில். பின்னவர்களின் துயரத்தை முன்னிறுத்தி முன்னவர்கள் காலம் கடத்துகிறார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

செல்வ தேசங்களின் கோரிக்கையையும் ஏழைத் தேசங்களின் கோரிக்கையையும் பிரித்துவிட்டால், பின்னதன் நியாயம் பளிச்சென்று தெரியும். நிலக்கரியைக் கைவிடும் தன் பிரதேசங்களுக்கு ஜெர்மனி 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியிருக்கிறது. நைஜீரியாவில் 1956-இல் முதன்முதலாக எண்ணெய் கண்ட ஒலோய்பிரி கிராமத்திலோ கிணறு வற்றிப் பல வருஷங்களாகிவிட்டன; வறுமை மட்டும் வற்றவில்லை. சொந்தச் சுரங்கத் தொழிலாளிக்கு ஒரு தர்மம், ஒலோய்பிரி இருக்கும் நைகர் நதி முகத்துவாரத்து மீனவனுக்கு வேறொரு தர்மம் என்பது எப்படிப் பொருந்தும்? ஈக்குவடோர் தேசம், யாசுனி வனத்தின் எண்ணெயைப் பூமிக்குள்ளேயே விட்டுவைக்கிறோம், இழக்கும் வருமானத்தில் பாதியாகிய 360 கோடி டாலரை உலகம் கொடுக்கட்டும் என்று 2007-இல் முன்வந்தது. 2013-இல் அந்த யோசனை கைவிடப்பட்டபோது கைக்கு வந்திருந்தது சுமார் 1.3 கோடி டாலர். பணக்கார தேசங்களின் வாக்கு எத்தனை எடை உடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் இந்தியாவுக்குத் தேவை குறைவது லாபமே. ஆனால் வளைகுடாவின் வருமானம் சுருங்கும்போது அங்கே உழைக்கும் நம்மவர்களின் ஊதியமும் சுருங்கும். 2016-இல் எண்ணெய் விலைச் சரிவை ஒட்டிச் சவூதியின் கட்டடத் தொழில் முடங்கியபோது, ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றித் தவித்தனர். எண்ணெய் தேசங்களின் நஷ்டத்தைப் பற்றிப் பேசும் பிரதிநிதிகள் எவரும் இவர்களைத் தம் கணக்கில் சேர்ப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே, எண்ணெய் தேசங்களுக்குப் பரிகாரம் வேண்டுமா என்று பொதுவாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, எந்தத் தேசத்துக்கு, எந்த ஜனங்களுக்கு என்று கேட்கப் பழக வேண்டும். நிதி சேர்த்து வைத்திருக்கும் எண்ணெய் தேசங்களும், நெடுங்காலம் எரித்து வளர்ந்த மேல்நாடுகளும் சேர்ந்து, கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் நாடுகளுக்கு வேறு பிழைப்பு அமைத்துக்கொள்ளப் பொருள் தர வேண்டும். தேவையைக் குறைக்கப் போகிறவர்கள் எந்த வருஷத்துக்குள் எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லி, விற்கிறவர்கள் திட்டமிட இடம் கொடுக்க வேண்டும். தன் பங்கைக் கொடுக்க முன்வராத செல்வந்த தேசம், அது விற்பதாயினும் சரி, வாங்குவதாயினும் சரி, ஏழைத் தேசத்தின் பெயரைச் சொல்லி வாதாடும் யோக்கியதையை இழந்துவிடுகிறது.