குடிப்பதைக் கேட்கிறோம், பயத்தைக் கேட்பதில்லை

ஜவ்வாது மலையைப் பற்றி கீழ்நாட்டில் யாரிடம் பேசினாலும் இரண்டாவது நிமிடத்தில் பேச்சு சாராயத்துக்கு வந்துவிடும். "குடிச்சே அழியறாங்க" என்பார் போளூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரி அதையே நல்ல தமிழில் "அவர்கள் பழக்கவழக்கம்" என்பார். இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. சேரியைப் பற்றியும் தலைமுறை தலைமுறையாக இதையேதான் சொல்லிவருகிறார்கள். ஆதிக்கச் சாதிக்காரர் குடித்தால் அது அவருக்கு வந்த கஷ்டம். நாம் குடித்தால் அது நம் பிறவிக்குணம்.

இதை எதிர்த்து எழுதும் முன் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மலையில் ஒரு சிற்றூரில் மது ஒழிப்புக் கூட்டம் நடத்தினோம். பறை அடித்தோம். கெட்டுப்போன ஈரலின் படத்தைக் காட்டினோம். கை நீட்டி உறுதிமொழி எடுக்க வைத்தோம். பல வருடங்களாகத் தினமும் குடித்துவந்த ஒருவர் அன்றே நிறுத்தினார். எல்லோரும் கைதட்டினோம். இரண்டாம் நாள் அவருக்கு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் இரவு, சுவரில் இல்லாத பூச்சிகளைப் பார்த்துக் கத்தினார். காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள் ஊரில். ஜீப் பிடித்து மலை இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார். நீண்ட நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பது முதுகலை படித்த எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் மனைவி அன்று சொன்னார்: "குடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவருக்குத் தூக்கம் கெடையாது சார். நாய் குரைச்சா எழுந்து உக்காந்துக்குவாரு." செம்மர வழக்கில் ஆந்திரச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர் அவர். எத்தனை குவார்ட்டர் என்று கேட்டிருந்தோம். தூக்கம் வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பயமும் குடியும் எப்படிப் பிணைகின்றன என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்புகளின் பரபரப்பை அடக்குவது அதன் வேலை. சாராயம் அந்த வேலையைக் கூட்டிவிடுகிறது. படபடப்பு அடங்குகிறது, கண் அசருகிறது. பயந்துகிடப்பவருக்கு அது மருந்தாகவே தெரியும். தினமும் குடித்தால் மூளை அதற்குப் பழகி, ஈடுகட்டுவதற்காகத் தன் பரபரப்பைக் கூட்டிக்கொள்கிறது. விடிகாலையில் போதை இறங்கும்போது கூடிய பரபரப்பு மட்டும் மிஞ்சும். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், யாரோ பின்னால் வருவதுபோல் இருக்கும். பழைய பயத்தோடு சாராயம் உண்டாக்கிய பயமும் சேர்ந்து அடுத்த கட்டிங்கைக் கேட்கும். சிலருக்கு வரிசை மாறும். குடி முதலில் வந்து பதற்றம் பின்னால் வரும். எப்படி வந்தாலும் ஒன்றை விட்டு இன்னொன்றை மட்டும் குணப்படுத்துவது கடினம். மனவேதனையை அடக்கவே பலர் போதையை நாடுகிறார்கள் என்று அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்ஜியன் 1985இலேயே எழுதினார்.

இந்த மலைக்குப் பயம் எங்கிருந்து வந்தது? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 தமிழ்நாட்டுக் கூலிகளைச் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். சாமை விளைச்சலில் வருடம் முழுக்கச் சோறு கிடைக்காததால் ஏஜெண்ட் கொடுத்த முன்பணத்தை நம்பிப் போனவர்கள். இதே மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று போன வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் ஊரையே சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தண்டனை வர 2011 ஆனது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆனது. காக்கியைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தால் அதை நோய் என்று மட்டும் எழுதிவிட முடியாது. நடந்தது உடம்புக்கு நினைவிருக்கிறது.

"அப்படியானால் குடியை நியாயப்படுத்துகிறீர்களா? அடி வாங்கும் பெண்களுக்கு என்ன பதில்?" என்று தோழர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அடிப்பது குற்றம். பயம் அதற்குச் சாக்கு ஆகாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கும் தூக்கம் இல்லை, அவருக்கும் படபடப்பு இருக்கிறது. கணவருக்குச் சிகிச்சை கேட்பது அவருக்காகவும்தான்.

2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் மது ஒழிப்பு மாநாடு நடத்தினார்கள். கடையை மூடு என்பது நியாயமான கோரிக்கை. 2023-24இல் மட்டும் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் கடையை மூடிய மறுநாள் காலை நடுங்கப்போகும் கைகளுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? அதற்கும் பதில் வைத்துக்கொண்டு கேட்போம். அந்தக் கைகளுக்குக் கள்ளச்சாராயப் பாக்கெட்தான் கிடைக்கும். அதில் மெத்தனால் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கள்ளக்குறிச்சி கருணாபுரம் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்துக் காட்டியது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுத்தது அரசு. உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு மருத்துவம் கொடுத்திருக்க வேண்டும்.

இது சலுகை அல்ல, சட்டம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோயில் சேர்த்திருக்கிறது. அரசிடம் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. நடப்பு வேறு. 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மதுவால் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு சுமார் 86 பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை.

நாம் கேட்க வேண்டியவை இவை. குடியை நிறுத்தும் முதல் வாரத்தை மருத்துவர் கண்காணிப்பில் கடக்க ஜமுனாமரத்தூரிலேயே படுக்கை வேண்டும். அங்கேயே பதற்றத்துக்கும் சிகிச்சை வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. மனநலமும் அதே வழியில் வரட்டும். மலையில் படித்த பிள்ளைகளையே ஆலோசகர்களாக நியமிக்கட்டும். செம்மர வழக்குகளில் சிக்கிய கூலிகளுக்குச் சட்ட உதவி வேண்டும். வழக்கு தலைமேல் தொங்கும்வரை எந்த மாத்திரையும் முழுதாக வேலை செய்யாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வுப் பயத்துக்கும், வகுப்பில் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்துக்கும் ஹாஸ்டல் அறையில் எதையாவது வாயில் அடக்கிக்கொள்கிறவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவுரை சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். தினமும் குடிப்பவரிடம் இன்றே நிறுத்து என்று சொல்லாமல் முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

நாங்கள் இப்போது மலையில் உறுதிமொழிக் கூட்டம் நடத்துவதில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ராத்திரி தூக்கம் வருதாண்ணே?" என்றுதான் ஆரம்பிக்கிறோம்.