எருவின் எஞ்சிய மதிப்பு

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில், ஹூஸ்ஃபீல்டு என்னும் பார்லி வயலின் ஒரு பகுதிக்கு 1852 முதல் 1871 வரை ஆண்டுதோறும் எக்டேருக்கு 35 டன் தொழுவுரம் இடப்பட்டது. பின்னர் ஒரு கூடைகூட இடப்படவில்லை. நூறாண்டு கடந்து அளந்தபோதும், எருவே காணாத பக்கத்து நிலத்தைவிட அம்மண்ணில் கரிமப்பொருள் மிகுந்திருந்தது.

எருவில் எளிதில் மட்கும் பகுதியை நுண்ணுயிர்கள் உண்டு தீர்க்கின்றன. எஞ்சுவது களிமண் துகள்களோடு பிணைந்து தங்குகிறது. மண் பொலபொலப்பாகி நீரைப் பிடித்துவைக்கிறது. வெப்பம் மிகுந்த தமிழக நிலங்களில் இச்சிதைவு விரைவானது. ஆதலின் ஒருமுறை இட்டு ஓய்ந்துவிட இயலாது. வெயிலிலும் மழையிலும் திறந்துகிடக்கும் குப்பைமேடோ, வயலை அடையுமுன்பே தழைச்சத்தை இழக்கத் தொடங்கிவிடுகிறது.

இவை உழவர் அறியாதவை அல்ல. ஆட்டுக்கிடை போட்டு நிலத்தை வளப்படுத்தியவர்கள் அவர்கள்தாம். தடை அறியாமையில் இல்லை; குத்தகையில் இருக்கிறது. ஓராண்டுக் குத்தகைக்கு உழுபவர் இடும் எருவின் பயனில் பெரும்பங்கு அடுத்து வருபவருக்கே சேரும். அவர் யூரியா மூட்டையை நாடுவதைக் குறைகூறுதல் முறையன்று.

வாங்கி இட்ட எருவின் எஞ்சிய மதிப்புக்கு, நிலத்தை விட்டுச்செல்லும் குத்தகையாளருக்கு நிலவுடைமையாளர் ஈடு தரவேண்டும் என்றது 1883ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம். இங்கும் அத்தகைய ஏற்பாடு தேவை. ஆனால், பல குத்தகைகள் வாய்ச்சொல்லிலேயே நடக்கின்றன. முதலில் அவை எழுத்துக்கு வரவேண்டும்.