அடுப்பருகே நிற்பவரின் உடல்நலத்தை யார் கேட்பது?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமம் பகுதியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் மனிதத் தலைகள். வழியெங்கும் மருத்துவ முகாம்கள், ஆம்புலன்ஸ் வண்டிகள். நடந்து களைத்தவருக்கும் மயங்கி விழுந்தவருக்கும் உடனே உதவி கிடைக்கிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு.

ஆனால் அந்தக் கூட்டத்துக்காக இரவெல்லாம் உழைப்பவர்களை யார் பார்க்கிறார்கள்? விடியும் முன்பே குப்பை அள்ள வரும் தூய்மைப் பணியாளர்கள், உட்கார நேரமின்றி ஓட்டல்களில் பரிமாறும் பிள்ளைகள், தங்கும் விடுதிகளில் துணி துவைக்கும் பெண்கள், தூங்காமல் ஓட்டும் ஆட்டோக்காரர்கள். முகாமுக்குள் அவர்கள் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டு வர அவர்களால் முடிவதில்லை, அவ்வளவுதான்.

நமக்குத் தெரிந்த பிரியாணி மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். பல ஆண்டுகளாக விறகடுப்பின் முன் நின்றவர். கடை பரபரப்பாக இருக்கும் நேரத்தில் கழிவறைக்குப் போக முடியாது என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே வேலை பார்த்தார். கால் வீங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று கேட்டோம். "யாருக்கிட்ட சொல்றது ஹஜ்ரத்? லீவு கேட்டா வேற ஆள் வந்துடுவான்" என்றார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை.

இதற்கான பதில் உலகில் நூறாண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது. அதன் பெயர் தொழில்நலச் செவிலியர்.

யார் இந்தச் செவிலியர்?

1878-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில், கோல்மன் கடுகுத் தொழிற்சாலை ஃபிலிப்பா ஃபிளவர்டே என்ற செவிலியரைப் பணியமர்த்தியது. தொழிற்சாலையில் மருத்துவருக்கு உதவுவதோடு, நோயுற்ற தொழிலாளர்களை வீடு தேடிச் சென்றும் பார்த்தார் அவர். 1895-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு பளிங்குக்கல் நிறுவனம் ஏடா மேயோ ஸ்டூவர்ட் என்பவரை இதே பணிக்கு நியமித்தது. அங்கிருந்து வளர்ந்ததுதான் இந்தத் துறை.

காயத்துக்குக் கட்டுப் போடுவது இவருடைய வேலையில் சிறு பகுதிதான். வேலைக்குச் சேரும்போதே ஒருவரின் இரத்த அழுத்தம், சர்க்கரை, காது, நுரையீரல் நிலையைப் பதிவு செய்து, ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரே பிரிவில் மூன்று பேருக்கு இருமல் என்றால், மருந்து கொடுப்பதோடு நிற்காமல் அந்தப் பிரிவின் காற்றில் என்ன இருக்கிறது என்று கேட்பார். அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியவருக்கு எந்த வேலை ஏற்றது, கர்ப்பிணிக்கு எந்த வேலை கூடாது என்று நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்வார். கடன் தொல்லையிலும் மன உளைச்சலிலும் இருப்பவர் மனம் திறந்து பேசவும் இவரே முதல் ஆள். சம்பளம் கொடுப்பது முதலாளி என்றாலும், தொழிலாளி சொன்ன அந்தரங்கத்தை முதலாளியிடம் கொண்டுபோகாதவரே நல்ல செவிலியர். இந்த நம்பிக்கை உடைந்தால் யாரும் நோயைச் சொல்ல மாட்டார்கள்.

நமக்கும் இது அந்நியமான செய்தியல்ல. அகழ்ப் போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் பராமரிப்பில் வைக்கப்பட்டதையும், மஸ்ஜிதுந் நபவீயின் வளாகத்திலேயே அதற்கான கூடாரம் இருந்ததையும் வரலாற்றில் படிக்கிறோம். மருத்துவமனைக்கு வர இயலாதவரிடம் மருத்துவம் போய்ச் சேர வேண்டும் என்பதே அதன் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500-க்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளில் மருத்துவ, செவிலியப் பணியாளர்களோடு ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்றது. நம் மாவட்டத்தில் செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலைகளைப் போன்ற பெரிய இடங்கள்தாம் இந்த வரம்புக்குள் வரும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை உண்டு என்று ஒன்றிய அரசு அறிவித்துள்ளது.

தமிழக அரசும் சில நல்ல முயற்சிகளை எடுத்துள்ளது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. 2024 ஜனவரியில் தொழிலாளரைத் தேடி மருத்துவம் வந்தது. வேலை செய்யும் இடத்திலேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பரிசோதிக்கப்படுகின்றன. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2024-இல் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. வெயிலில் உழைக்கும் உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகம் பாதிக்கப்படுவதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அடுப்பருகே நிற்கும் நம் மாஸ்டரின் கதையும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

இத்தனை இருந்தும் சிக்கல் எங்கே? நம் மக்களில் பெரும்பாலோர் 500 பேர் வேலை செய்யும் ஆலையில் இல்லை. ஐந்து பேர் கொண்ட ஓட்டலில், இரண்டு பேர் கொண்ட மெக்கானிக் ஷெட்டில், தனி ஆளாகத் தள்ளுவண்டியில் இருக்கிறார்கள். எந்தச் செவிலியரும் அங்கே வருவதில்லை.

நம்மால் முடிந்தது

முதலாவது, நம்மில் கடை நடத்துபவர்களின் பொறுப்பு. வியர்வை உலரும் முன் கூலி கொடுப்பதைப் பற்றி மிம்பரில் நாமே பலமுறை பேசியிருக்கிறோம். அந்த வியர்வை சிந்தும் உடலைப் பற்றியும் பேச வேண்டாமா? ஒரு நாற்காலி, குடிநீர், கழிவறைக்குப் போக அனுமதி, வெப்பம் வெளியேற ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். இவற்றுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை.

இரண்டாவது, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால் இஎஸ்ஐ பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவருக்கு இது பொருந்தும். தொழிலாளி கட்டுவது 0.75 விழுக்காடு, முதலாளி கட்டுவது 3.25 விழுக்காடு. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை கிடைக்கும். இந்தச் செலவை மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஆளைப் பதிவில் காட்டாமல் வைப்பது அவருடைய உரிமையைப் பறிப்பதாகும்.

மூன்றாவது, ஒரு கடைக்கு ஒரு செவிலியர் சாத்தியமில்லை; ஒரு கடைவீதிக்கு ஒருவர் சாத்தியம். வணிகர் சங்கமும் ஜமாஅத்தும் கைகோத்தால் வாரம் ஒரு நாள் ஒரு செவிலியரைக் கடை கடையாக வரவழைக்கலாம். எந்த மதத்தவரானாலும் அந்த வீதியில் உழைப்பவர் அனைவரையும் அவர் பார்க்கட்டும். அரசுத் திட்டக் குழுவை நம் வீதிக்கும் அனுப்புமாறு மாநகராட்சியிடமும் சுகாதாரத் துறையிடமும் மனு கொடுக்கலாம். பௌர்ணமிக்கு மறுநாள் தூய்மைப் பணியாளர்களுக்கென்றே ஒரு முகாம் கேட்கலாம்.

நான்காவது, செவிலியர் படிப்பு படித்த நம் பெண் பிள்ளைகள் பலர் திருமணத்துக்குப் பின் வீட்டில் இருக்கிறார்கள். இரவுப் பணிதான் தடை என்று பெற்றோர் சொல்கிறார்கள். பகல் நேரத்தில் சொந்த ஊரிலேயே செய்யக்கூடிய இந்தப் பணியை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம்.

அந்த மாஸ்டர் இப்போது வேலைக்குப் போவதில்லை. மருந்து வாங்கப் பள்ளிவாசலில் சிறிது வசூலித்துக் கொடுத்தோம். வல்ல அல்லாஹ் அவருக்கு ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆனால் வசூலித்துக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நமக்குத் தோன்றவில்லை. அவர் நின்ற அடுப்பருகே இன்று வேறொரு இளைஞர் நிற்கிறார். அவரிடம் இப்போதே யாராவது போய், "தண்ணீர் குடித்தீர்களா, உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்க வேண்டும்.