பையின் வாயைக் கட்டுங்கள்!

காட்டு மிருகம் என்றதும் நம் மனக்கண் முன் புலியும் யானையும் வந்து நிற்கின்றன. ஆனால் ஆஸ்திரேலியாவில் மூட்டை சுமந்து காட்டிலே நடந்து, இரவைக் கூடாரத்தில் கழித்துவிட்டு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கதை வேறாக இருக்கும். அந்தக் கண்டத்துக் காடுகளில் புலியும் கிடையாது, யானையும் கிடையாது. அங்கே மனிதரைப் பாடாய்ப் படுத்துகிறவை ரொட்டி திருடும் ஒரு பறவையும், கூடாரத்தைக் கடித்துக் கிழிக்கும் பூனையளவு பிராணி ஒன்றுந்தான்!

கூட்டமாகச் சேர்ந்து காட்டில் நடப்பதை அந்நாட்டார் 'புஷ்வாக்கிங்' என்று அழைக்கிறார்கள். சிட்னி நகரத்தில் இதற்கென்றே 1927-ல் ஒரு சங்கம் ஏற்பட்டது. 1931-ம் வருஷம் ஈஸ்டர் விடுமுறையில் நீலமலையின் குரோஸ் பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருந்த சிலர், அங்கே வானளாவி நின்ற நீலக் கம் மரங்களை வெட்டிவிட்டு வால்நட் பயிரிடப் போவதாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் சொல்லக் கேட்டார்கள். எங்கும் பணமுடை நிலவிய காலம் அது. ஆயினும் நடைச் சங்கத்தார் 130 பவுன் திரட்டிக் கொடுத்துக் குத்தகையை விடுவித்தனர். 1932-ல் அந்தக் காடு பொதுஜனங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. பார்த்து மகிழ்வதோடு நில்லாமல், பார்த்ததைக் காப்பதும் தங்கள் கடமை என்று அவர்கள் கருதினார்கள். இது நினைவிருக்கட்டும்.

இப்போது நாமும் மானசீகமாக மூட்டை கட்டிக்கொண்டு அப்படி ஒரு கூட்டத்தில் சேர்ந்துகொள்வோம். தெற்கே கடலைத் தாண்டித் தாஸ்மேனியாத் தீவுக்குப் போவோம். அங்கே கிரேடில் மலையிலிருந்து செயின்ட் கிளேர் ஏரி வரையில் சுமார் 65 கிலோமீட்டர் நீளமுள்ள புகழ்பெற்ற நடைபாதை ஒன்று செல்கிறது. அதை நடந்து முடிக்க ஆறு நாட்களாகும். நமக்கு முதல் நாளும் முதல் இரவும் போதும்.

புறப்படும் இடத்திலேயே 'வாம்பட்' என்னும் பிராணி நம்மை வரவேற்கிறது. குட்டிக் கரடி ஒன்று பன்றியைப் போல் புல் மேய்ந்தால் எப்படியிருக்கும்? அப்படியிருக்கிறது. அதன் சாணம் சதுரக் கட்டிகளாக விழும் என்பதைக் கண்டால்தான் நம்பத் தோன்றும். செங்குத்தான ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறிச் சமவெளியை அடைகிறோம். 1545 மீட்டர் உயரமுள்ள கிரேடில் சிகரம் அருகில் நின்று ஆசை காட்டுகிறது. பைகளைக் கீழே ஒரு குடிசையின் பக்கத்தில் வைத்துவிட்டு, கைவீச்சாகச் சிகரத்துக்கு ஏறிவிட்டு வரலாம் என்று நம் கூட்டத்தார் தீர்மானிக்கிறார்கள்.

இந்தச் சமயத்துக்காகவே காத்திருக்கிறது, 'கரவாங்' என்னும் பறவை. பார்வைக்கு நமது அண்டங்காக்கை போலிருக்கும். உண்மையில் காக்கை இனமன்று. மஞ்சள் கண்; வலுத்த அலகு. பையின் 'ஜிப்'பை அலகால் பற்றி இழுத்துத் திறக்க அது கற்றுக்கொண்டிருக்கிறது! நாம் சிகரத்தில் நின்று இயற்கையின் எழிலை வியந்துகொண்டிருக்கையில், கீழே நம்முடைய பிஸ்கோத்துக்கும் உலர்ந்த திராட்சைக்கும் பிரிவுபசாரம் நடந்துவிடுகிறது.

சுமார் 11 கிலோமீட்டர் நடந்து முதல் தங்குமிடத்தை அடைகிறோம். குளிருக்கு விறகு மூட்டலாம் என்றால் அங்கே அனுமதியில்லை. சிறு அடுப்பில்தான் சமைத்தாக வேண்டும். சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்ததும் இரண்டாவது விருந்தாளி வருகிறது. அதன் பெயர் பாஸம். அதற்குள்ள பாசமெல்லாம் நமது ரொட்டியின் மீதுதான். அடர்ந்த வாலும் பெரிய கண்களும் கொண்டு, குட்டியைப் பையில் சுமக்கும் இந்த இராப் பிராணி, உணவின் வாசனை வந்தால் கூடாரத்துணியைக் கடித்துத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். பொழுது விடிந்து பார்த்தால், காலுறையில் குடியேறிய அட்டை வேறு வயிறு நிறைந்து உருண்டு கிடக்கும்.

சிரிப்புக்கு இடமான விஷயந்தான். ஆனால் சற்று யோசித்துப் பார்ப்போம். பறவைக்கு 'ஜிப்'பைத் திறக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் யார்? இலையும் கனியும் பூச்சியும் தின்று வாழ்ந்த ஜீவன்களுக்கு ரொட்டியின் ருசியைக் காட்டியவர்கள் மனிதர்கள்தான். சிலர் அஜாக்கிரதையால் சிதறினார்கள். சிலர் அன்பு மேலிட்டுக் கையால் ஊட்டினார்கள். அன்பின் விளைவுதான் கொடியது. மிருதுவான மனித உணவைத் தின்று பழகிய வாலபி என்னும் சிறு கங்காருவுக்குத் தாடையில் கிருமி புகுந்து வீங்கிவிடுகிறது. பிறகு அதனால் புல்லைக்கூட மெல்ல முடியாது. பட்டினியால் மெல்ல மெல்ல மடிகிறது.

இன்னும் துயரமான சம்பவம் ஒன்று உண்டு. குவீன்ஸ்லாந்துக் கரைக்கு அப்பால் கர்ரி என்ற மணல் தீவு இருக்கிறது. பிரேஸர் தீவு என்று வழங்கி வந்த அதற்கு, அத்தீவின் ஆதிக்குடிகள் வைத்த பெயரே 2023-ல் சட்டப்படி மீண்டும் சூட்டப்பட்டது. அங்கே டிங்கோ என்னும் காட்டு நாய்கள் வாழ்கின்றன. உல்லாசப் பிரயாணிகள் தீனி போட்டுப் பழக்கியதால் சில நாய்களுக்கு மனிதரிடம் இருந்த பயம் தெளிந்துவிட்டது. 2001 ஏப்ரலில் ஒன்பது வயதுப் பாலகன் ஒருவனை டிங்கோக்கள் தாக்கிக் கொன்றன. அதன் பின் முப்பதுக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டன. குழந்தையும் போயிற்று, பிராணிகளும் போயின. இன்று அத்தீவில் டிங்கோவுக்கு உணவளிப்பது தண்டனைக்குரிய குற்றம்.

காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்த பிறகு உண்பவர்கள் நாம். வாயில்லா ஜீவனுக்கு உணவிடுவது பாபம் என்று யாராவது சொன்னால் நம் மனம் ஒப்புமா? நமது வீட்டு முற்றத்திற்கு வந்த காக்கை நம் விருந்தாளி. சோறு வைப்பது தர்மம். காட்டிலோ விருந்தாளி நாம், வீட்டுக்காரர்கள் அவை. வீட்டுக்காரரின் சமையற்கட்டைக் கெடுப்பது எந்த தர்மத்தில் சேரும்?

ஆகையால் நமது சகோதர சகோதரிகளின் குழந்தைகள் அந்நாட்டுப் பள்ளிகளில் படித்து, முகாமுக்குப் புறப்படும்போது, தாய்மார்கள் முறுக்கும் தட்டையும் கட்டிக்கொடுக்கட்டும், தடையில்லை. ஆனால் வாசனை வெளிவராத கெட்டி மூடிப் பெட்டியில் வைத்துக் கொடுக்கட்டும். கூடாரத்துக்குள் தின்பண்டம் வைக்கலாகாது. 'ஜிப்'பின் இழுப்புகளைக் கயிற்றால் பிணைத்து, பையின் மேல் உறையும் போட்டுவிட வேண்டும். சிந்திய பருக்கையைக்கூடப் பொறுக்கித் திரும்பக் கொண்டுவர வேண்டும். கெஞ்சும் கண்களோடு ஒரு பிராணி அருகில் வந்து நின்றால், மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கல்நெஞ்சுதான் அங்கே ஜீவகாருண்யம்.

ஒரு காட்டைக் காப்பாற்ற அன்று 130 பவுன் தேவைப்பட்டது. அதில் வாழும் ஜீவன்களைக் காப்பாற்ற இன்று நம்மிடம் கேட்கப்படுவது ஒரு முழக் கயிறுதான். இதற்குமா நாம் கஞ்சத்தனம் செய்வது?